ஆமாம் போடும் சங்கீதம்

“அவர் ஆமாம் போடுகிற ஆசாமி” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அதை யாரும் நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. முதலாளிக்கு ஆமாம் போடும் குமாஸ்தா, மந்திரிக்கு ஆமாம் போடும் பிரமுகர், மாமனாருக்கு ஆமாம் போடும் மாப்பிள்ளை ஆகிய இவர்களைக் கண்டால் உலகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. ஆனால் ஆமாம் போடுவதையே ஓர் அரிய வித்தையாகப் பயின்று, அதற்காக மேடையில் இடமும், தாம்பூல மரியாதையும், சன்மானத்தில் பங்கும் பெறுகிற மனிதர்கள் தமிழ்நாட்டில் ஒரு சீமையில் இருக்கிறார்கள். அந்தச் சீமை திருநெல்வேலிச் சீமை. அந்த வித்தை வில்லுப்பாட்டு.

வில்லுப்பாட்டில் நடுநாயகமாக உட்கார்ந்து கதையைப் பாடுகிறவரை அண்ணாவி என்பார்கள். புலவர் என்றும் சொல்வதுண்டு. அவரைப் பற்றிப் பேசவும் எழுதவும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம் இங்கே கவனிக்கப் போவது அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கோஷ்டியை. குடம் அடிக்கிறவர், உடுக்கை அடிக்கிறவர், தாளம் போடுகிறவர், கட்டை தட்டுகிறவர் ஆகிய இவர்கள் எழுந்து போய்விட்டால் அண்ணாவியின் பாட்டு என்ன ஆகும்? இந்தக் கேள்வி திருநெல்வேலிக்கு மட்டும் உரியதன்று. தாமே எழுதித் தாமே பாடுகிறவர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்களோ, அங்கெல்லாம் எழ வேண்டிய கேள்வி. ஆனால் பெரும்பாலும் எழாத கேள்வி.

உறையில் இல்லாத பெயர்கள்

நமது சங்கீத உலகத்தில் ‘வாக்கேயக்காரர்’ என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. வாக்கையும் கேயத்தையும், அதாவது சொல்லையும் இசையையும், ஒருங்கே படைக்கிறவர் என்பது பொருள். தியாகராஜ ஸ்வாமிகள் வாக்கேயக்காரர். தாமிரபரணிப் பிரதேசத்தில் ஹரிகேசநல்லூரில் 1877-ம் வருஷம் பிறந்து, மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவில் சாமுண்டேசுவரி மீது நூற்றெட்டுக் கீர்த்தனங்கள் இயற்றிய முத்தையா பாகவதரும் வாக்கேயக்காரரே.

மேல் நாட்டிலும் இவ்வகையினர் உண்டு. கிதாரையோ பியானோவையோ துணையாகக் கொண்டு, தங்கள் சுகதுக்கங்களைத் தாங்களே பாட்டாகக் கட்டித் தாங்களே பாடுகிற பாப் பாடகர்கள் அவர்கள். 1948-ல் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு வந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு பாட்டுக்களை ஒரே தட்டில் கோத்து ‘ஆல்பம்’ என்று வெளியிடுவது பெருவழக்காயிற்று. அமெரிக்காவில் கரோல் கிங் என்ற பெண்மணி 1971-ல் வெளியிட்ட ‘டாபெஸ்ட்ரி’ என்னும் ஆல்பம் இவ்வகைக்கு ஒரு பிரசித்தமான உதாரணம்.

உறையின் மீது பெரிய எழுத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் உள்ளே கேட்பது ஒருவருடைய கைவேலை மட்டுமா? மிருதங்கத்தின் ஸ்தானத்தில் டிரம்ஸ் முழங்குகிறது. தம்புராவைப் போல அடியில் நின்று ‘பேஸ்’ கிதார் பாட்டைத் தாங்குகிறது. ஓர் ஆர்கன் நடுவே புகுந்து உருக்குகிறது. இவற்றை வாசிப்பவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேளைக்கு இவ்வளவு என்று சம்பளம் பெற்று வாசிக்கிறவர்கள். காலையில் ஒரு பாடகருக்கு வாசிப்பார்கள், மாலையில் இன்னொருவருக்கு. பாட்டு வெற்றி பெற்றால் ஊர் முழுவதும் பாடகரின் படம் தொங்கும். வாசித்தவர் மறுநாள் வேலைக்குப் போவார்.

டெட்ராய்ட் நகரத்தில் 1959-ல் தொடங்கிய மோட்டவுன் கம்பெனியின் கதையை இதற்குச் சொல்லலாம். அந்தக் கம்பெனி வெளியிட்ட பாட்டுக்களை உலகமெல்லாம் முணுமுணுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாசித்தது ஒரே கோஷ்டி. ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று அவர்கள் தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் 1971 வரையில் இசைத்தட்டு உறைகளில் அவர்கள் பெயர் அச்சாகவில்லை. அந்த வருஷம் மார்வின் கே என்ற பாடகர் தாமும் சேர்ந்து இயற்றிப் பாடிய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் வாத்தியக்காரர்களின் பெயர்கள் இடம் பெற்றன. மறு வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது, கோஷ்டி கலைந்தது. அவர்களில் தலைசிறந்தவராகிய பேஸ் கிதார் வித்வான் ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-ல் காலமானார். அந்தக் கோஷ்டியின் சரித்திரத்தைச் சொல்லும் சினிமாப்படம் 2002-ல் வந்தது. மாலை வந்து சேர்ந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவருடைய கழுத்து இல்லை.

நம் ஊர்க் கதை மட்டும் வேறா? சென்னைச் சினிமா உலகத்தில் பாட்டுக்குப் பாட்டு எத்தனை பிடில்கள், எத்தனை புல்லாங்குழல்கள்! வாசித்தவர் இன்னார் என்று ரஸிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வாத்தியக்காரர்களை ஒரு சங்கமாகச் சேர்த்து அவர்களுடைய கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வாதாடிய பெருமை சங்கீத டைரக்டர் எம். பி. ஸ்ரீநிவாசனுக்கு உரியது. பிற்காலத்தில், நம் நாடு சுதந்திரம் அடைந்த ஐம்பதாவது ஆண்டாகிய 1997-ல், ஏ. ஆர். ரஹ்மான் ‘வந்தே மாதரம்’ என்ற ஆல்பத்தைத் தாமே இசையமைத்துத் தாமே பாடி வெளியிட்டார். தேசபக்தியும் பாப் சங்கீதமும் கைகோத்துக்கொண்டு வீடுதோறும் நுழைந்தன. அதைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அவர்களில் யாரையாவது நிறுத்தி, “அதில் தாள வாத்தியம் வாசித்தது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கூடத்துச் சுவர்களுக்குள்ளே வாசிப்பவரைக் கேட்கிறவரின் கண் காண்பதில்லை.

இந்தச் சங்கடம் வில்லுப்பாட்டு மேடையில் மட்டும் இல்லை. காரணத்தைப் பார்ப்போம்.

வில்லடியில் உட்காரும் முறை

பனைமரத்தில் செதுக்கிய வில். ஏறத்தாழப் பத்தடி நீளம். அதன் நாண் முறுக்கிய தோல் கயிறு. வில்லின் உடம்பு நெடுகிலும் வெண்கல மணிகள் தொங்கும். வில்லின் முதுகை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அண்ணாவி நாணுக்கு முன்னால் அமர்ந்து, இரண்டு கைகளிலும் வீசுகோல்களை ஏந்தி நாணில் அடிக்கிறார். நாண் அதிரும்போது அத்தனை மணிகளும் கலீரென்று ஒலிக்கின்றன. குடக்காரர் தட்டையானதொரு பத்தியால் குடத்தின் வாயில் அறைகிறார். குடத்துக்குள் அடைபட்ட காற்று ‘கும்’ என்று பதில் சொல்லுகிறது. வேட்டையாடவும் போர் புரியவும் பிறந்த ஆயுதமும், தண்ணீர் எடுக்கப் பிறந்த பாத்திரமும் சேர்ந்து சங்கீதம் செய்வதை வேறு எங்கே காண முடியும்!

கோஷ்டிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வலத்தே பாடுகிறவர்கள் கதையை எடுத்துச் செல்லுகிறார்கள். இடத்தே பாடுகிறவர்கள் அதை வாங்கித் திருப்பித் தருகிறார்கள். அண்ணாவி ஓர் அடியைப் பாடி முடிப்பதற்குள் அதன் வால் பகுதியைப் பிடித்துக்கொண்டு இவர்கள் கிளம்பிவிடுவார்கள். இதனால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் அந்த அடி இரண்டாவது தடவை காதில் விழுகிறது. அண்ணாவிக்கு மூச்சு வாங்க அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் அடுத்த அடி அவர் நாவில் வந்து நிற்கிறது. இரவு முழுவதும் தொடரும் கதையை ஏடு பாராமல் பாட வேண்டுமானால் இந்த மூன்றாவது உதவி எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டு நின்று வசனம் தொடங்கியதும் ஆமாம் போடும் படலம் ஆரம்பமாகிறது. இது தலையாட்டி பொம்மையின் வேலையன்று. எந்த இடத்தில் ‘ஆமாம்’ என்று இழுப்பது, எந்த இடத்தில் ‘அப்படியா!’ என்று திடுக்கிடுவது, எந்த இடத்தில் ‘அதெப்படி அண்ணாச்சி?’ என்று மறிப்பது என்றெல்லாம் கணக்கு உண்டு. ஜனங்கள் மனத்தில் எழும் சந்தேகத்தை அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் தெரிந்துகொண்டு, அதை அண்ணாவியிடம் கேட்டுவிடுகிறவனே சரியான பக்கப்பாட்டுக்காரன். அவன் வாத்தியக்காரன் மட்டுமல்ல. மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கும் முதல் ரஸிகன். சபையின் பிரதிநிதி என்று சொன்னாலும் தகும். சட்டசபைக்குப் போகிற பிரதிநிதிகள் எல்லாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேள்வி கேட்கிறார்களா என்ற வம்பு நமக்கு வேண்டாம்.

ஹரிகதையிலும் பின்பாட்டு உண்டு. சங்கீதக் கச்சேரிகளில் புகழ் பெற்ற முத்தையா பாகவதரே ஹரிகதையிலும் கொடிகட்டிப் பறந்தவர்தான். ஆனால் ஹரிகதையில் பாகவதர் நிற்கிறார். மற்றவர்கள் பின்னால் இருக்கிறார்கள். வில்லில் எல்லாரும் ஒரே வில்லைச் சுற்றி, ஒரே மட்டத்தில், சப்பணமிட்டு உட்காருகிறார்கள். குடக்காரரின் பெயரை அச்சிட வேண்டிய அவசியமே இல்லை. ஆள் எதிரே இருக்கிறார், வியர்வை வழிகிறது, அவர் கை தவறினால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

முத்துப்பட்டன் கோயிலில்

வில்லுப்பாட்டின் பிறந்த வீடு கோயில் கொடை. சுடலைமாடனுக்கும், இசக்கியம்மனுக்கும், மற்ற கிராம தேவதைகளுக்கும் ஊரார் எடுக்கும் விழாவே கொடை. அன்றிரவு அந்தத் தெய்வத்தின் கதையைப் பாட வேண்டும். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் காட்டில், சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் ஜனத்திரள் பெரிது. அந்தக் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் பூஜை பெறுகிறவன் முத்துப்பட்டன். பிராமண குலத்தில் பிறந்தவன். தோல் வேலை செய்யும் குடும்பத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் தொழிலையும் தன் தொழிலாகக் கொண்டான். பசுக் கூட்டத்தைக் கள்ளரிடமிருந்து காக்கப் போய் உயிர் துறந்தான். இன்றும் பக்தர்கள் அவன் சந்நிதியில் தோல் செருப்புக்களைக் காணிக்கையாக வைக்கிறார்கள். ஜாதி வேற்றுமையைப் பற்றி நாம் மேடை போட்டுப் பேசத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, அந்தக் கதையை வில்லடித்துப் பாடி ஊராரை அழவைத்தவர்கள் தாமிரபரணிக் கரையில் இருந்தார்கள்.

கதையில் வீரன் மடியும் கட்டம் வரும்போது கோஷ்டியின் வேலை உச்சத்தை அடைகிறது. சாமியாடி எழுந்து நிற்கிறார். அவருக்கு இன்னும் அருள் வரவில்லை. அண்ணாவியின் கண் கதையின் மேல் இல்லை. சாமியாடியின் முகத்தின் மேல் இருக்கிறது. அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். குடம் வேகம் கூட்டுகிறது, உடுக்கை சீறுகிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேரமில்லை. இன்னும் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதை எழுதி வைத்த ஸ்வரக் குறிப்பு எதுவும் சொல்லாது. பல வருஷங்கள் ஒன்றாக உட்கார்ந்து பழகிய பழக்கம்தான் சொல்லும். ஒரு வேளைக்குக் கூடி மறு வேளை பிரியும் கோஷ்டியால் இதைச் செய்ய இயலாது.

கலைவாணரும் சுப்பு ஆறுமுகமும்

இந்தக் கிராமக் கலையைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்த அவருக்கு வில்லோசை தாலாட்டைப்போலப் பழகியது. திருநெல்வேலி ஜில்லாவில் சத்திரம் புதுக்குளம் என்ற ஊரில் 1928-ம் வருஷம் பிறந்து, இளம் வயதிலேயே ‘குமரன் பாட்டு’ என்ற நூலை எழுதிய சுப்பு ஆறுமுகம் என்னும் வாலிபரைக் கலைவாணர் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். வில்லில் பாடுவதற்குக் காந்தி மகாத்மாவின் சரித்திரத்தை எழுதும் பணி அவருக்கு வாய்த்தது. அதே காலத்தில் கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக்கிப் பாடிவந்தார்.

சுடலைமாடன் இருந்த இடத்தில் காந்தி வந்து அமர்ந்தார். கதாநாயகர் மாறினார், ஆனால் குடமும் உடுக்கையும் மாறவில்லை, ஆமாமும் மாறவில்லை. அதுதான் அந்த முயற்சியின் வெற்றிக்குக் காரணம் என்பது நம் அபிப்பிராயம். உதாரணமாக இப்படி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

“1893-ம் வருஷம், தென்னாப்பிரிக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன். காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்” என்கிறார் அண்ணாவி.

“ஏன் அண்ணாச்சி, கையில் டிக்கெட் இல்லையோ?” என்கிறார் குடக்காரர்.

“இருந்தது தம்பி. முதல் வகுப்பு டிக்கெட்டே இருந்தது.”

“பின்னே எது இல்லை?”

“தோலில் வெள்ளை இல்லை.”

குடத்தில் ‘கும்’ என்று ஓர் அடி. அவ்வளவுதான். ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் செய்ய முடியாததை அந்த ஓர் அடி செய்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். “டிக்கெட் இல்லையோ?” என்று குடக்காரர் கேட்டிராவிட்டால், அண்ணாவியின் பதிலுக்கு முனை ஏது? பாடல் ஒருவர் எழுதியதுதான்; அதைத் தைக்கும் அம்பாக்குகிறவர் பக்கத்தில் இருப்பவர்.

சுப்பு ஆறுமுகம் பிறகு எழுபது வருஷங்களுக்கு மேல் வில்லோடு வாழ்ந்தார். இராமாயணத்தையும் பாரதத்தையும் தாமே வில்லிசையாக எழுதித் தாமே பாடினார். கலைவாணருக்கும், பின்னர் நாகேஷுக்கும், சினிமாவில் ஹாஸ்யப் பகுதிகள் எழுதிக் கொடுத்தார். சங்கீத நாடக அகாடமியின் விருதும், 2021-ல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் தமது 94-வது வயதில் காலமானார். அவருடைய மேடையில் அவர் குடும்பத்தாரே பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பழகினார்கள். குமாரி பாரதி திருமகன் இன்று தாமே வில்லுப்பாட்டுக் கலைஞராக விளங்குகிறார். நேற்றைய பக்கப்பாட்டு இன்றைய முதற்பாட்டாகும் வழி இதுதான். ஆமாம் போட்டுப் பழகியவருக்குத்தான், எந்த இடத்தில் ஆமாம் வேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

மூன்று நிமிஷத்துக்குள் அடங்குமா?

பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது சுமார் மூன்று நிமிஷம். இரவு முழுவதும் பாடும் கதையை அதில் அடைக்க வேண்டுமானால் எதையாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? கத்தரிக்கோலை எடுத்தவன் கண்ணில் முதலில் படுவது எது? சொன்னதையே திருப்பிச் சொல்வதும், இடையிலே புகுந்து கேள்வி கேட்பதும்தான். நெடுநேரத் தட்டு வந்தது, கேஸட் வந்தது, இப்போது கைக்குள் அடங்கும் டெலிபோனிலேயே உலகத்துச் சங்கீதமெல்லாம் வந்துவிட்டது. நேரத்துக்குக் குறைவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் சபை இல்லையே! சாமியாடியின் முகம் இல்லாத இடத்தில் அண்ணாவி எதைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார்? வில்லுப்பாட்டைப் பதிவு செய்யலாம். பதிவு செய்யவும் வேண்டும். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் இந்தச் சீமையின் குரலை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது நல்ல காரியம். ஆயினும் பதிவு என்பது ஆற்றிலிருந்து சொம்பில் மொண்ட நீர். தாகத்துக்கு உதவும். அதையே ஆறு என்று எண்ணிவிடக் கூடாது.

அச்சுக்கும் இது பொருந்தும். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். 1971-ல் அவர் பதிப்பில் மதுரைப் பல்கலைக்கழகம் முத்துப்பட்டன் கதையை வெளியிட்டது. அந்த உழைப்புக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க அறிஞர் தென்கோடிக்கு வந்து, கொடைகளில் இருந்து கேட்டு, 1988-ல் வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏட்டில் உள்ளதை மட்டும் படித்தால் போதாது, பாடும் இடத்தில் பார்க்க வேண்டும் என்பதே அவர் நூலின் சாரம். கதை புஸ்தகத்தில் இருக்கிறது. குடம் அடிக்கும் கை புஸ்தகத்தில் இல்லை. அந்தக் கை இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

இப்போது சில ஊர்களில் கொடை என்றால் இன்னிசைக் கச்சேரி வைத்துவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் வில்லுப்பாட்டை அழைத்தாலும், செலவைக் குறைக்க, “இரண்டு ஆள் குறைத்துக்கொண்டு வாருங்களேன்” என்று பேரம் பேசுகிறார்கள். குறைகிற இரண்டு ஆள் யார்? அண்ணாவி குறைய மாட்டார். கட்டை தட்டுகிறவரும் தாளம் போடுகிறவரும்தான் குறைவார்கள். அந்த இடங்கள்தான் பையன்கள் வந்து உட்கார்ந்து தொழில் பழகும் இடங்கள். இன்று தாளக்காரன் வேண்டாம் என்று மிச்சம் பிடிக்கும் ஊருக்கு, இருபது வருஷம் கழித்து அண்ணாவி வேண்டும் என்றால் எங்கிருந்து கிடைப்பார்?

ஆகையால் திருநெல்வேலிச் சீமையின் கொடைக் கமிட்டியாருக்கும், பட்டணத்துச் சபாக் காரியதரிசிகளுக்கும், புதிதாக ஆல்பம் வெளியிடும் இளைஞர்களுக்கும் ஒரே வேண்டுகோள் செய்துகொள்ளலாம். முழுக் கோஷ்டியையும் அழையுங்கள். முழுக் கோஷ்டியின் பெயரையும் நோட்டீஸில் போடுங்கள். மார்வின் கேயின் உறையில் இடம் பெற்ற மரியாதை நம் குடக்காரருக்கும் கிடைக்கட்டும். அச்சுக்கூலி ஒன்றும் பிரமாதமாகக் கூடிவிடாது. ரஸிகர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: அடுத்த முறை வில்லுப்பாட்டுக் கேட்கப் போகும்போது, அண்ணாவியின் முகத்திலிருந்து ஒரு நிமிஷம் கண்ணை எடுத்து, குடக்காரரின் கையைப் பாருங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

தக்க சமயத்தில், தக்க குரலில், ஒரு ஆமாம் சொல்லுவது லேசான காரியமல்ல. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதை நாம் சொல்லித்தானா தெரிய வேண்டும்?